அழகம்மாவின் காலும் காற்றுப் பெட்டியும்

வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அழகம்மாவைத் தைரியசாலி என்றுதான் சொல்வார்கள். குளவி கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிற கூட்டத்தில் அவள் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். விழுந்து கிடப்பவளை இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கால் மூடி, தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாய்க்கு வந்தபடி பேசிய கங்காணிக்கு மலை முழுக்கக் கேட்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தவள். வயது ஐம்பத்தொன்று. அதில் முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியே போயிற்று. அவளைப் பற்றித் தோட்டம் நம்புவது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பொய்.

அந்தப் பாதி, போன கார்த்திகை மழையில் லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கத்து மண்மேடு சரிந்த அன்று தொடங்கியது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் மேல் சுவரும் தகரமும் சேறும் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு தகரம் குறுக்கே மாட்டிக்கொண்டதால் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் இடம் இருந்தது. அந்த ஒரு சாண் இருட்டில் மூன்று மணித்தியாலம் கிடந்தாள். மண்வெட்டி போட்டால் அவள்மேல் பட்டுவிடும் என்று புருஷன் சின்னராசா வெறுங்கையாலேயே தோண்டி எடுத்தார். அவருடைய நகங்களில் நான்கு போய்விட்டன. அவளுக்கு வெறும் சிராய்ப்பு. இரண்டாவது வாரமே கூடையோடு மலையில் நின்றாள். இரும்பு மனுஷி என்றார்கள்.

அந்த இரும்பு மனுஷியால் கக்கூசுக் கதவைச் சாத்த முடியவில்லை என்பது ஒருவருக்கும் தெரியாது. சாத்தினால் வாய்க்குள் மண்ணின் சுவை வந்துவிடும். மழைக்கு பஸ்ஸின் கண்ணாடிகளை எல்லாம் இழுத்துவிட்டால், இரண்டு மைல் கட்டைக்கு முன்னாலேயே இறங்கி நனைந்துகொண்டு நடப்பாள். "பஸ்ஸுல ஒரே வாந்தி நாத்தம்" என்று வீட்டில் சொல்வாள். வேறு லயத்தில் அவர்களுக்குக் கொடுத்த காம்பரா வீட்டின் கதவு பூட்டப்படுவதே இல்லை. கேட்டால், காற்று வேண்டுமாம்! வட்டவளைக் குளிரில் காற்று வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

இனி அந்தக் காலுக்கு வருவோம். எட்டு வருஷமாக அவளுக்குச் சீனி வியாதி. பாதம் மரத்துப்போனதை அவள் ஒரு வரமாக எடுத்துக்கொண்டாள். அட்டை கடித்தாலும் முள் ஏறினாலும் தெரியவில்லை என்றால் நல்லதுதானே என்று நினைத்தாள். மலையிலிருந்து நனைந்து வருகிற பெண்கள் எல்லோரும் செய்வது போல அவளும் அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நெருப்புப் பக்கம் நீட்டிக் குளிர் காய்வாள். வைகாசியில் ஒரு நாள் அப்படி நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, சின்னராசா மூக்கைச் சுருக்கினார்.

"என்ன புள்ள, ஏதோ பொசுங்குற வாசம் வருது?"

"சாக்கு கீக்கு அடுப்புல விழுந்திருக்கும், பாருங்க" என்றாள் அவள்.

சாக்கு விழவில்லை. இடது காலின் பெருவிரல் பக்கம் ஒரு கொள்ளி சாய்ந்து, தோல் வெள்ளையாக வெந்திருந்தது. தன் சதை வேகிற வாசத்தைத் தானே சாக்கு என்று சொன்னதை நினைத்தபோதுதான் அவளுக்குக் காலைப் பற்றிப் பயம் வந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ் பெற்றீசியா மிஸி மாதக் கணக்கில் மருந்து வைத்துக் கட்டினாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண், நல்ல கைப்பக்குவம். ஆனாலும் புண் ஆறவில்லை. ஓரங்கள் மட்டும் காய்ந்து, நடுவில் குழி விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னார். அழுத்தமான காற்றுப் பெட்டிக்குள் ஆளைப் படுக்க வைத்துச் சுத்தமான ஒக்சிஜன் கொடுக்கிற ஒரு வைத்தியம் இருக்கிறது. ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கும் அது போய்ச் சேரும். அதுவே எல்லாம் இல்லை, மருந்தும் சீனிக் கட்டுப்பாடும் கூடவே வேண்டும், ஆனால் இந்த மாதிரிப் புண்ணுக்குச் சில பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. மலைப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, விசாரித்துப் பாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

விசாரிக்கிற வேலை மகள் ஜெயந்தினியின் தலையில் விழுந்தது. அவளுக்குக் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட் தையல் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து போர்டிங் அறைக்கு வந்ததும் போனை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒக்சிஜன் என்று போட்டால், முதலில் வெல்டிங்குக்கு சிலிண்டர் நிரப்புகிற கடை வந்தது. அடுத்து மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற மெஷின். கண்டியில் முகத்துக்கு ஒக்சிஜன் அடித்து வெள்ளையாக்குகிற ஒரு பியூட்டி பார்லர். அதற்கும் பிறகு நேரே சென்னை.

"அம்மா, ஒங்க மொகத்தயாச்சும் வெள்ளையாக்கிருவோமா?" என்று போனில் சிரித்தாள். அழகம்மாவும் சிரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

காரணம், ஜெயந்தினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை இரும்பு உருளை. உள்ளே ஒரு மனுஷன் நீட்டிப் படுத்திருந்தான். பக்கத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. முகத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் அழகம்மா முதலில் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது ஒரு சாணுக்கு மேல் தெரியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்று மூச்சு வாங்கினாள். மறுநாள் தேயிலை ஸ்டோர் பக்கத்து ரோதமுனிச் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தி, மகளின் தேடல் பலிக்கக் கூடாது என்று கும்பிட்டாள். கால் போகாமலும் இருக்க வேண்டும், பெட்டி கிடைக்காமலும் இருக்க வேண்டும். சாமி என்ன செய்வார், பாவம்!

ஜெயந்தினி விடுகிற ஆளில்லை. பெற்றீசியா மிஸி போனில் அவளுக்குப் பாடம் எடுத்திருந்தாள்.

"எவன் இருக்குன்னு சொன்னாலும் ஒடனே அம்மாவ கூட்டிட்டுப் போயிராத. அங்க டாக்டர் இருக்காரான்னு கேளு. நெஞ்சுப் படம் எடுத்து, காது பாத்து, சீனி பாத்துத்தான் உள்ள விடுவாங்களான்னு கேளு. ஒண்ணுமே பாக்க மாட்டோம், நேரா வாங்கன்னு சொன்னா போனை வச்சிரு."

அப்படியே ஓர் இடம் அகப்பட்டது. ஜிப் வைத்த பை ஒன்றுக்குள் படுக்க வைப்பார்களாம். டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "டாக்டர் சேர் ஞாயித்துக்கிழமைல வருவார்" என்றார்கள். சீனி, காது எதையும் யாரும் கேட்கவில்லை. ஜெயந்தினி போனை வைத்துவிட்டாள். இன்னும் பத்துப் பதினைந்து இடங்களுக்கு அடித்து, ஒருவர் இன்னொருவரைக் காட்டி, கடைசியில் கொழும்பு போகிற வழியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டி உண்மையாகவே இருப்பது தெரிந்தது. அங்கே ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்டார்கள். டாக்டரின் கடிதத்தையும் புண்ணின் படத்தையும் அனுப்பச் சொன்னார்கள். இடம் கிடைத்ததும் கூப்பிடுவோம் என்றார்கள். கார்மெண்டில் வேலை நேரத்தில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பதால், ஜெயந்தினி அம்மாவின் நம்பரைக் கொடுத்தாள்.

"இடம் இருக்கும்மா! கெடச்சிருச்சு!" என்று அவள் கத்திய கத்தலில், அழகம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

நான்காம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். இரவு வேலை முடிந்து வந்த சின்னராசா உள் காம்பராவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. சிங்களத்தில் ஒரு பெண் குரல், மரியாதையாகத்தான் பேசியது. அழகம்மாவா பேசுவது, அடுத்த திங்கட்கிழமை ஓர் இடம் இருக்கிறது, வர முடியுமா என்று கேட்டது. அழகம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திங்கட்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது போலிருந்தது.

"நே, நே. ரோங் நம்பர்" என்றாள். அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடித்தபோது போனை நிறுத்தி அரிசி வாளிக்குள் வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சின்னராசா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லித் தப்பித்தவளுக்கு நிம்மதி வர வேண்டும் அல்லவா? வரவில்லை. போன் சிணுங்கினால் எடுக்கப் பயமாக இருந்தது. சிணுங்காவிட்டால் காலைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஜெயந்தினி தினமும் கேட்டாள், "கூப்டாங்களாம்மா?" அழகம்மா தினமும், "இல்லியே" என்றாள்.

சின்னராசா வேறு ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். தூங்குகிற நேரத்தில் தூங்காமல், சவுக்குக் கம்பு வெட்டிக்கொண்டு வந்து, வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடி அடித்தார். படிகளில் மண் போட்டுச் சரிவாக்கினார். அவள் கேட்டதற்கு, "மழைக்கு வழுக்குது" என்று சொன்னார். ஒற்றைக் காலோடு நடக்கிறவளுக்கு அது என்று அவளுக்குப் புரிந்தது. இந்த மனுஷன் மனதைத் திடப்படுத்திக்கொண்டாரே, நாம் செய்த காரியம் தெரிந்தால் என்ன செய்வார் என்று நினைத்து, அந்தக் கைப்பிடியைத் தொடாமலே நடந்தாள்.

அடுத்த வாரம் பெற்றீசியா மிஸி கட்டுப் பிரித்தாள். பெருவிரல் நுனி கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒரு வாரம் பார்ப்போம், கறுப்பு மேலே ஏறினால் காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னார்.

அன்று பின்னேரம் ஜெயந்தினி போனில் அழுதாள்.

"எல்லாம் என்னாலதாம்மா. நான் சரியா தேடல. எங்கயாச்சும் காசு கட்டி இருந்தாலும் ஒங்கள கொண்டுபோய் விட்டிருக்கணும். இன்னும் ரெண்டு எடத்துக்கு அடிச்சிருக்கலாம். நான்தான் அங்க கூப்டுவாங்கன்னு நம்பி சும்மா இருந்துட்டேன்."

பிள்ளை தன்னையே திட்டிக்கொள்வதை எந்தத் தாய்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்?

"அவங்க கூப்டாங்க தாயி" என்றாள். "நான்தான் ரோங் நம்பருன்னு சொல்லி வச்சிட்டேன். எனக்கு அந்தப் பொட்டிக்குள்ள போகப் பயமா இருக்கு. மண்ணு விழுந்த நாள்லருந்து எனக்குக் கதவு சாத்துனாலே உசுரு போகுது."

ஜெயந்தினி, "ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அழகம்மாவுக்கு இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டிருந்தது. ஜெயந்தினி அரை நாள் லீவு போட்டு நேரில் போய்க் கெஞ்சினாள். ஆறு நாள் தள்ளி ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஆறு நாளும் அழகம்மா காலையில் எழுந்ததும் கட்டுக்கு மேலே தெரிகிற தோலைத்தான் பார்த்தாள். கறுப்பு ஏறியிருக்கிறதா, நேற்று இங்கேதானே இருந்தது, இல்லை அங்கேயா என்று குழம்பிக் குழம்பி, பேனையால் ஒரு கோடு போட்டு வைத்தாள். கோடு வியர்வையில் கலைந்துபோன அன்று அழுதே விட்டாள்.

அந்த நாளும் வந்தது. மூவரும் அந்தக் காற்றுப் பெட்டி இருந்த ஆஸ்பத்திரியில் நின்றார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். பெருவிரல் பிழைக்காது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம். பாதத்துக்கு இன்னும் வழி இருக்கிறது, முப்பது நாள் தவறாமல் உள்ளே போக வேண்டும். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். காது பார்த்தார்கள். விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது, உள்ளே எண்ணெயும் ஒக்சிஜனும் சேர்ந்தால் நெருப்புப் பிடிக்கும் என்று தலையைக் கழுவ வைத்தார்கள். பிறந்ததிலிருந்து எண்ணெய் வைக்காமல் வெளியே போகாத தலை. ஈரத் தலையோடு, கொடுத்த பருத்திச் சட்டையோடு, நெருப்பு என்ற சொல்லையும் பயத்தோடு சேர்த்துக்கொண்டு அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

பெட்டியை இயக்குகிறவன் ஒரு சிங்கள இளைஞன். தமிழ் பேசினான். கையிலிருந்த தாளில் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவன், "அம்மாவுக்கு மூடின எடத்தில பயம் இருக்கா?" என்றான்.

அழகம்மா வாயைத் திறந்தாள். "இருக்கு தம்பி. மிச்சம் பயம். மண்ணுக்குள்ள கெடந்தவ நான்."

அவன் எழுதிக்கொண்டான். "அப்ப உண்மைய சொல்றன். நடுவில பயந்தா ஒடன தொறக்க ஏலாது. காத்து மெல்ல மெல்லத்தான் எறங்கணும், பத்து நிமிசமாவது போகும். நான் கண்ணாடிக்கு வெளிய ஒங்களயே பாத்துட்டு இருப்பன். தாங்கலன்னா கைய தூக்குங்க. தூக்கின ஒடன நிப்பாட்டிருவன்."

பத்து நிமிஷம். கூப்பிட்டாலும் பத்து நிமிஷம் திறக்காத கதவு. அழகம்மா எழுந்து வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயந்தினி கவுண்டரில் தாள்களோடு நின்றிருந்தாள். சின்னராசாதான் பக்கத்தில் வந்தார்.

"என்னால ஏலாதுங்க" என்றாள். "நான்தான் அன்னிக்கி போனை..."

"தெரியும்" என்றார் அவர்.

"புள்ள சொல்லிட்டாளா?"

"இல்ல. நான் அன்னிக்கி முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். நீ ரோங் நம்பருன்னு சொன்னது கேட்டுச்சு."

"அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

சின்னராசா தன் கைகளைப் பார்த்தார். நகங்கள் கோணலாக வளர்ந்திருந்தன. "தோண்டும்போது ஒன் முடி கையில பட்டுச்சு. ஆளு அசையல. செத்துட்டன்னு நெனச்சேன். இன்னொருக்கா ஒன்ன ஒரு பொட்டிக்குள்ள வுட்டு மூடிட்டு, நான் வெளிய நிக்கணுமா? கால் போனா போகட்டும், ஆளு இருந்தா போதும்னு நெனச்சுட்டேன் புள்ள. அதான் கைப்புடி அடிச்சேன்." அவளுடைய கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "விரலு போச்சுன்னு இப்ப டாக்டரம்மா சொல்றாங்க. அந்தக் குத்தத்துல பாதி என்னோடது."

அழகம்மாவுக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷம் கூடவே இருந்த மனுஷன், தனக்கு வந்த அதே பயத்தை வைத்துக்கொண்டு, அதே காம்பராவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரே! ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருந்தால் ஒரு விரல் மிஞ்சியிருக்குமே! ஆனால் கோபப்பட இது நேரமில்லை. அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டி வரைக்கும் நடந்தாள்.

"கண்ணாடிக்கிட்டயே நில்லுங்க. எங்கயும் போயிராதீங்க" என்றாள்.

படுத்தாள். கதவு மூடியது. காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. காது அடைத்தது. சொல்லிக் கொடுத்தபடி எச்சிலை விழுங்கினாள், காது திறந்தது. மறுபடியும் அடைத்தது. வாயில் மண்ணின் சுவை வந்தது. தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

இளைஞன் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சின்னராசா, கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை பிறந்தபோதும் அழாத மனுஷன். அவரைப் பார்க்கப் பார்க்க, உள்ளே கிடப்பது தானா அவரா என்று அழகம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனக்கு ஒன்றுமில்லை, மூச்சு வருகிறது, பயப்படாதீர்கள் என்று அவருக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் போலிருந்தது.

தூக்கினால் நிறுத்திவிடுவார்கள். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து வயிற்றின்மேல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.